முப்பத்துமூன்றா, முப்பத்தெட்டா

பெப்ரவரி 3, திங்கள்

இன்று நிவேதனா என்னிடம் உதவி கேட்டாள். பேத்தி கேட்டால் மாட்டேன் என்பேனா?

போன வருடம், என் மச்சான் சந்தியோகு ஊர்க் கூத்துகளுக்கு அடிக்கிற மத்தளத்தை அடி அடியாகப் பதிந்து, லப்டொப்பில் ஒரு மத்தளமாகக் கட்டி வைத்தாள். கீபோர்ட் கட்டையை மெல்லத் தொட்டால் மெல்லிய அடி, அழுத்தினால் ஓங்கிய அடி. இப்போது பிரான்சில் பாட்டு அமைக்கிற பிரகாஸ் அதைக் கேட்கிறான். அவனிடம் இருப்பது வேறு சாம்ப்ளராம், பதிந்த சத்தத்தை வாத்தியமாக வாசிக்கிற செயலி. மாற்றித் தருகிற செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தாள். சத்தமெல்லாம் போய்ச் சேர்ந்தது. எந்த அழுத்தத்துக்கு எந்த அடி என்ற எண்கள் மட்டும் போகவில்லை.

ஆகவே கையால் எழுதி எடுக்க வேண்டும். பழைய லப்டொப்பைப் பார்த்து நான் கொப்பியில் எழுத, அவள் புதியதில் பதிவாள்.

"உங்கடை எழுத்திலை பிழை வராது, அம்மம்மா" என்றாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் மயிலிட்டிக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வேதாகம வாசகம் வாசிப்பது யார்? நான்.

பெப்ரவரி 5

நாற்பது அடி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. மெல்லியது 1இலிருந்து 38 வரை, அடுத்தது 39இல் தொடங்கும், இப்படியே 127 வரை. பின்னேரமாக எண்களைச் சுற்றிப் புகை மாதிரி. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து எழுதினேன். மூன்றா எட்டா என்று பிடிபடாத இடத்தில் — ஏதோ ஒன்றைப் போட்டேன்.

சொல்லவில்லை. இரண்டு மாதமாக வாசகத்தையே சனிக்கிழமை மனப்பாடமாக்கிக்கொண்டுதான் போகிறேன்.

பெப்ரவரி 8

பழைய லப்டொப் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துக் கடைக்காரன் இனிச் சரிவராது என்று சொல்லிவிட்டானாம். அந்தப் பழைய சாம்ப்ளர் வேறொன்றிலும் திறக்காது.

நிவேதனா சிரிக்கிறாள். "எல்லாம் உங்கடை கொப்பியிலை இருக்குத்தானே."



பெப்ரவரி 12

அனுப்பியாயிற்று. என் மகள் தர்சினி, நிவேதனாவின் தாய், கொழும்பில் பிள்ளைக்கு ஒரு கொம்பனி வேலை பார்த்து வைத்திருக்கிறாள். மார்ச் முதலாம் திகதி சேர வேண்டும். பிரகாசுக்கு மத்தளம் பிடித்தால் தொடர்ந்து வேலை தருவான், பிள்ளை இங்கேயே இருக்கலாம். பிடிக்காவிட்டால் பஸ் ஏறவேண்டியதுதான்.

பெப்ரவரி 15

பிரகாஸ் நிவேதனாவை அழைத்தான். போனிலிருந்து எனக்கும் கேட்டது. "மெல்லத் தட்டினா சில இடத்திலை ஊமை. சில இடத்திலை ரெண்டு அடி ஒண்டாய் விழுது. என்ன தங்கச்சி செய்து வச்சிருக்கிறீர்?"

சந்தியோகுவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தாள். அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். "உது நான் அடிச்சதில்லைப் பிள்ளை. உவன் ஆரோ குடிவெறியிலை அடிக்கிறான்." பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சாள், நீங்களோ அடிச்சனீங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நிவேதனா கூட. பிறகு அறைக்குள் போய் அழுதாள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

வாசகத்தில் ஒரு வரி விட்டுவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

பெப்ரவரி 18

பை அடுக்குகிறாள். "எனக்கு உந்த வேலை சரிவராது அம்மம்மா. நான் மொக்கு."

மொக்காம்! என்ரை பிள்ளை மொக்காம்! நான் ஏன் வாயைத் திறக்கேல்லை? கண் தெரியாதெண்டால் வாசகத்தை வேறை ஆளிட்டைக் குடுப்பினம். கடற்கரைக்குத் தனியப் போக விடமாட்டினம். அதுக்காக இந்தப் பிள்ளை தன்னை மொக்கெண்டு நினைச்சுக்கொண்டு பஸ் ஏறட்டும் எண்டு இருக்கிறனோ? உனக்கு வெக்கமில்லையோ, கிழவி?

பெப்ரவரி 19

சொன்னேன். சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பாராமல் சொன்னேன். "மூண்டும் எட்டும் எனக்குப் பிரிபடேல்லை மோனை. நானாய்த்தான் போட்டனான்."

தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "நாலு நாள் அம்மம்மா. நாலு நாள் நான் அழ, நீங்கள் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

எழும்பிப் போய்விட்டாள். சோறு அப்படியே கிடந்தது.

பெப்ரவரி 20

கதைக்கவில்லை.

பெப்ரவரி 21

காலையில் கொப்பியோடு வந்து முன்னால் இருந்தாள். "ஒரு அடி எங்கை முடியுதோ, அதுக்கு அடுத்த எண்ணிலைதான் மற்றது தொடங்கும். நீங்கள் 33இலை முடிச்சிருக்கிறியள், அடுத்தது 39. இடையிலை ஒண்டுமில்லை. அதுதான் ஊமை. அப்ப இது 38." இன்னோரிடத்தில் 88இல் முடித்திருக்கிறேன், அடுத்தது 84இல் தொடங்குகிறது. அங்கேதான் இரண்டு அடியும் ஒன்றாக விழுகிறது. 83 என்று திருத்தினாள்.

லப்டொப் இல்லாமலே பிழை பிடிபடுகிறது. மொத்தம் இருபத்தாறு.

"முதலே பாத்திருக்கலாம். உங்கடை எழுத்தெண்டபடியால் பாக்கேல்லை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெப்ரவரி 26

திருத்தி அனுப்பியதற்குப் பிரகாசின் பதில்: இப்போது சரியாம். ஆனால் அந்தப் பாட்டுக்கு வேறொருவரின் மத்தளத்தை எடுத்துவிட்டானாம். அடுத்ததுக்குப் பார்ப்பானாம். கொழும்பு வேலைக்கு நிவேதனா ஒரு மாதத் தவணை கேட்டிருக்கிறாள். தர்சினி போனில் கத்தினாள். நான் வாங்கி, "பிழை என்னுடையது" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

கண் கிளினிக். நிவேதனா கூட வந்தாள். இந்தக் கிழமை முழுக்கத் தேவைக்குத்தான் என்னோடு கதைத்தாள்.

சுவரில் எழுத்துப் பலகை. முதல் இரண்டு வரியும் வாசித்தேன். மூன்றாவதில் இன்ன எழுத்தாகத்தான் இருக்கும் என்று ஓர் ஊகம் இருந்தது. பின்னால் வாங்கு நிறைய உட்கார்ந்திருக்கிற சனம், அதில் எங்கள் கோயில் ஆட்களும் இரண்டு பேர்.

"தெரியேல்லை" என்றேன்.

"சத்தமாய்ச் சொல்லுங்கோ அம்மா" என்றார் டொக்டர்.

சத்தமாகச் சொன்னேன். நிவேதனா எழும்பி வந்து, என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.