வலப்பக்கத்து எண்ணெய்க் கோடு

மார்ச் 7, சனி

இன்றும் மானம் போனது. என் பந்து கண்ணாடி மாதிரி வழவழப்பு. பௌலிங் அரங்கிலோ இந்தப் போட்டிக்கென்று, பந்து உருளுகிற மரப்பாதை, அந்த லேன் முழுக்க எண்ணெயைப் பூசி வைத்திருக்கிறார்கள். வளைந்து போய்க் கட்டைகளைச் சாய்க்க வேண்டிய பந்து, குளியலறையில் கைநழுவின சோப்பு போலச் சறுக்கி ஓரப் பள்ளத்தில் விழுந்தது. ஒரு தடவை இல்லை, பாதி ஆட்டம் அப்படித்தான். குடும்பத்துக்கு மூன்று பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம். இவரும் பாப்பாவும் சேர்த்ததை எல்லாம் நான் ஒருத்தி கரைத்தேன்.

பாப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை ஆகாது. வீட்டுக்கு வந்ததும், "தண்ணி வேணுமா சித்தி?" என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்பது போல.

இவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். சித்திதானே நான்? அதில் என்ன குறை? ஒன்றுமில்லை.

இருக்கிறது. ஒரே ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று இருக்கிறது.

மார்ச் 10

அரங்கின் மூலையில் பந்துகளுக்கு விரல் துளை போடுகிற மாஸ்டரைப் பார்த்தேன். எண்ணெய் அதிகமுள்ள லேனுக்குப் பந்தின் தோல் சொரசொரப்பாக இருக்க வேண்டுமாம். அதுதான் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தரையைக் கவ்வும். உள்ளே இருக்கும் கனமான கருவைப் பார்த்து, பந்து சீக்கிரமே திரும்புகிற மாதிரி துளை வைக்க வேண்டுமாம். பெண் பார்ப்பதற்குக்கூட இவ்வளவு பொருத்தம் கிடையாது. எல்லாம் சொல்லிவிட்டு, "புதுசு எதுக்கு? உங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கே," என்றார்.

அக்காவின் பந்து. இவருடைய முதல் மனைவி, பாப்பாவைப் பெற்றவள். நோயில் போய் ஐந்து வருஷம் ஆகிறது; பந்து இன்னும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அக்கா இடதுகைக்காரி. பழைய துளைகளைப் பிசின் ஊற்றி அடைத்துவிட்டு, என் வலதுகைக்குப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார் மாஸ்டர்.

இவரிடம் கேட்டேன். சவரம் செய்துகொண்டிருந்தார். அது சும்மாதானே கிடக்கிறது என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். பாப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 12

துளை போடுவதற்கு முன் பழைய எண்ணெயை வெளியே எடுக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வாளியில் வெந்நீர் பிடித்துப் பந்தை இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் அதற்கு வியர்க்க ஆரம்பித்தது. பொட்டுப் பொட்டாக எண்ணெய். துடைக்கத் துடைக்க வந்தது. அக்கா ஆடின ஆட்டத்தின் எண்ணெய், இத்தனை வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது.

பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா வாசனை," என்றாள்.

பையைக்கூடக் கழற்றாமல் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் ஆறும்வரை எழுந்திருக்கவில்லை. நான் துண்டும் கையுமாக நின்றேன், அடுத்த வீட்டுக்காரி மாதிரி. அடைத்துவிட்டால் அம்மா விரல் வைத்த இடம் போய்விடுமா என்று கேட்டாள்.

"போகாதுடா, உள்ளயேதான் இருக்கும்," என்றேன்.

சமாதானத்துக்குச் சொன்னதுதான்.

மார்ச் 14, சனி

மாஸ்டர் அளவெடுக்கக் கையைக் கேட்டார். இடது கையை நீட்டியிருக்கிறேன். பழக்கதோஷம் என்று சொல்லிச் சிரித்தார். யாருடைய பழக்கம்?

மார்ச் 21, சனி

ஜெயித்தோம்! பந்து எண்ணெயில் கொஞ்ச தூரம் வழுக்கியது, பிறகு யாரோ பிடித்துத் திருப்பினது போலத் திரும்பியது. பத்துக் கட்டையும் ஒன்றாகச் சாய்ந்தன. பாப்பா குதித்தாள். என் தோளைக்கூடத் தொட்டாள்.

பிறகுதான் அதைக் கவனித்தேன். உருண்டு வந்த பந்தின்மேல் எண்ணெய் ஒரு வளையமாகக் கோடு போட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டுத்தான் அடுத்து போட வேண்டும். வலதுகைக்காரர்களுக்கு அந்தக் கோடு துளைகளுக்கு இடப்பக்கம் விழும். என் பந்தில் வலப்பக்கம் இருந்தது. மாஸ்டரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இடதுகையால போட்டாதான்மா இப்படி விழும்," என்றார்.

நான் வலதுகையால்தான் போட்டேன். அரங்கமே பார்த்ததே. அவர் என் கையிலிருந்த துண்டை வாங்கித் தானே துடைத்துவிட்டார்.

மார்ச் 25

தைக்கக் கொடுத்திருந்த பக்கத்துத் தெருக்காரியின் பாவாடைத் துணியை வெட்டினால், துணி வெட்டுப்படாமல் மடங்கி மடங்கிக் கடிபடுகிறது. கத்தரிக்குச் சாணை போய்விட்டது என்று திட்டித் தீர்த்தேன். பிறகு பார்த்தால் வலதுகைக்கென்று செய்த கத்தரி என் இடது கையில். இத்தனை வருஷமாகத் தையல் வேலை செய்கிறவள்! சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு வரவில்லை. சும்மா எழுதினேன்.

மார்ச் 28, சனி

மறுபடி ஜெயித்தோம்.

பழைய கட்டைவிரல் துளையை அடைத்த இடம் குழிந்திருக்கிறது. விரல் நுனி கச்சிதமாக உட்காருகிறது. கல் மாதிரி இறுகின பிசின், இப்படி இறங்கவே இறங்காது என்கிறார் மாஸ்டர். வீட்டில் யாராவது தினமும் அமுக்குகிறார்களா என்று வேடிக்கையாகக் கேட்டார்.

மத்தியானம் சாப்பாடு பரிமாறும்போது இவர் என் கையையே பார்த்தார். கரண்டி இடது கையில் இருந்தது. "ஏன் இப்படிப் பண்றே?" என்றார். எப்படி என்று கேட்டேன். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார்.

பயமா இருக்கு. எழுதினா குறையும்னு எழுதறேன். குறையல. இந்தப் பந்து வேண்டாம். தோற்றாலும் பரவாயில்லை, மாஸ்டரிடமே கொடுத்துவிடப் போகிறேன்.

ஏப்ரல் 2

பந்தைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து குரல்.

"அதை எங்க எடுத்துட்டுப் போறேம்மா?"

போறீங்க இல்லை. போறே. மூன்று வருஷத்து 'நீங்க'வும் 'சித்தி'யும் ஒரே வார்த்தையில் போய்விட்டன. திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பிடித்திருந்த என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்படி ஒரு சந்தோஷத்தோடு.

பந்தைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். கொடுக்க மனசு வரவில்லை. எதைப் பார்த்துக் கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டது என்னைத்தானே?

என்னைத்தானே?

ஏப்ரல் 9

பந்தை இடதுகைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார் மாஸ்டர். அளவெடுக்கக் கையை நீட்டினேன். "உங்க அளவு எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். போன மாதம் எடுத்ததைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது வலது கை.

எழுத்து இடப்பக்கமாகச் சாய்கிறது. நிமிர்த்த முடியவில்லை.

ஏப்ரல் 18, சனி

லேனில் இன்று எண்ணெய் நிறைய. பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. எவ்வளவு நாளாயிற்று இப்படி ஆடி. அவர் வரவில்லை, தலைவலி என்றார். என்னைப் பார்த்தாலே இப்போதெல்லாம் அவருக்குத் தலைவலி. பாப்பா நன்றாக வளர்ந்துவிட்டாள், என் தோள்வரை வருகிறாள். வழியெல்லாம் கையை விடவே இல்லை.

அலமாரிப் பக்கத்தில் ஒரு தையல் மேசை போட்டிருக்கிறது. அதன்மேல் பெரிய கத்தரி ஒன்று. எடுத்து ஒரு துணியை வெட்டிப் பார்த்தேன், என் கைக்கு வரவில்லை. யாருடையது என்று பாப்பாவைக் கேட்டேன்.

"சித்தியோடதும்மா," என்றாள்.

பத்திரமாக உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். வந்து கேட்டால் கொடுக்க வேண்டும்.