கென்ஜியின் அம்மாவிடம் சொன்ன சொல்

17-8-2003, ஞாயிறு

எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த ஜப்பான்காரர் கென்ஜி இன்று காலை கதவைத் திறக்கவில்லை. அப்பா பூட்டை உடைத்து உள்ளே போனபோது கென்ஜிக்கு உயிர் இல்லை. சில நாட்களாகவே காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரர் என்னிடம், "உனக்கு அவங்க பாஷை தெரியுமாமே. அவங்க அம்மாகிட்ட நீயே போன்ல சொல்லிடும்மா" என்றார்.

எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியெல்லாம் கென்ஜியோடு உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடிக் கற்றதுதான். அதை வைத்தே ஒசாகாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். ஆனால் சாவுக்கு எனக்குத் தெரிந்தது ஒரே சொல்தான், விளையாட்டில் எதிரி விழும்போது திரையில் வருவது. 'காலமானார்' என்று மரியாதையாக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தச் சொல்லையே சொன்னேன்.

அந்த அம்மா அழவில்லை. "நன்றாகப் பேசுகிறீர்கள். எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார்.

"உங்கள் மகனிடம்" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

என் அம்மா பின்னால் வந்து, "வச்சிடுடி" என்றாள்.

எப்படி வைப்பேன்?