வலையில் வெட்டிய நூல்

ஹம், யேர்மனி
06.04.1986, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் இருந்து கடிதம் எழுதுகிறேன் என்று கோபிக்காதேங்கோ. மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. எழுத்துக் கோணலாக இருந்தால் நித்திரை வெறி என்று நினையாதேங்கோ, மடியில் வைத்து எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, நல்ல சேதிதான். இவருக்கு இந்தக் கிழமை இரவு வேலை. விடிய ஆறு மணிக்குத்தான் கம்பித் தொழிற்சாலையில் விடுவார்கள். யாருக்காவது சொல்லாமல் படுத்தால் எனக்குக் கண் மூடாது. சொல்வதற்கு உங்களை விட்டால் எனக்கு ஆர் அக்கா?

நாங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். அத்தானுடைய இருமல் எப்படி? உங்கட பக்கம் போன மாதம் ஹெலிகொப்டர் வந்து சுட்டதாக இங்கே பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குக் கிட்டவோ, தூரவோ? தர்மினிக்குப் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறதோ? முன்பல் விழுந்துவிட்டதோ? விழுந்திருந்தால் எந்தப் பல் என்று எழுதுங்கோ. படத்தைப் பார்க்கிறபோது நான் சரியாக நினைக்கவேண்டும்.

தையிலும் மாசியிலும் நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. தபால் பிழை என்றுதான் இருந்தேன். போன கிழமை உங்கட பக்கத்து வீட்டுக் கமலாம்பிகை மாமியின் மகனை ரயிலில் கண்டேன். மாமியின் கடிதம் பதினெட்டு நாளில் வந்ததாம். ஓம், நல்லது என்று சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கின கதையை உங்களுக்கு எழுதினேனோ தெரியாது. இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு சின்ன ஊரில் விளையாட்டு மண்டபம். அதைக் கூட்டித் துடைக்கிற வேலை. பி.ஏ. படித்தவள் தும்புத்தடி பிடிக்கிறாள் என்று அத்தான் கவலைப்படுவார், அவருக்குச் சொல்லவேண்டாம். எனக்குக் கவலை இல்லை. அந்த ஊர்ப் பெண்களின் கூடைப்பந்து ரீம் இந்த வருஷம் யேர்மனியின் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. சும்மா பொழுதுபோக்கு ரீம் இல்லை, சம்பளத்துக்கு விளையாடுகிற பெண்கள். ஆட்டம் நடக்கிற நாளில் நான் பந்து வளையம் பூட்டின பலகைக்குக் கீழே, கோட்டுக்கு வெளியில், ஒரு சின்ன ஸ்ரூலில் இருக்கவேண்டும். யாராவது விழுந்தால் வேர்வையில் தரை வழுக்கும். நடுவர் கை காட்டினவுடன் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு ஓடி வரவேண்டும். மண்டபத்திலேயே என்னுடையதுதான் முதல் இருக்கை, அதுவும் ரிக்கற் இல்லாமல்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாடின நெற்போல் போல என்று நினையாதேங்கோ. நாங்கள் பந்தைப் பிடித்தால் கால் அசைக்கக் கூடாது, நின்ற இடத்தில் நிற்கவேண்டும். இவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டே இந்தத் தலையில் இருந்து அந்தத் தலைக்கு ஓடுகிறார்கள். இடிக்கிறார்கள், விழுத்துகிறார்கள். முதல் நாள் பார்த்தபோது, இது எல்லாம் பிழை, நடுவர் என்ன கண் தெரியாதவரோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நீங்கள் கோல் சூட்டர் நின்ற காலம் ஞாபகம் வந்தது. வளையத்துக்குக் கீழே அசையாமல் நிற்பீங்கள். உங்கட கைக்குப் பந்து வந்தால் ஒருத்தராலும் பறிக்க ஏலாது.

எங்கட ரீமில் அமெரிக்காவில் இருந்து கூட்டிவந்த ஒருத்தி இருக்கிறாள். பெயர் டொரீன். கறுத்த, நெடிய பெட்டை. இங்கிலீஷ் கதைக்கிறவர்கள் மண்டபத்தில் குறைவு என்றபடியால் என்னோடு ஒட்டிக்கொண்டாள். நீ நல்லாத் துடைக்கிறாய் கலா, அதாலதான் நான் பார்த்துப் பார்த்து உன்ர பக்கமா விழுறன் என்று பகிடி விடுவாள். நானும் விடுவதில்லை. உன்ர உயரத்துக்கு நீ விழுந்தால் அரைவாசி மண்டபம் துடைக்கவேணும், கொஞ்சம் நிண்டு விளையாடு என்பேன். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகன். அங்கே தன் தமக்கையிடம் விட்டுவிட்டு, ஆறு மாதம் என்று வந்தவள், இப்போது ஒன்றரை வருஷம். ரீம் வென்றால் இன்னும் ஒரு வருஷம் இங்கே வேலை. தோற்றால் இந்த மாதமே வீட்டுக்கு.

இறுதிச் சுற்று மூன்று ஆட்டம். இரண்டை யார் வெல்கிறார்களோ அவர்களுக்குக் கிண்ணம். அக்கா, உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்லுகிறேன். நான் அந்த ரீமின் சம்பளத்தில் இருந்துகொண்டு, அவர்கள் தோற்கவேண்டும் என்று கும்பிட்டேன். அந்தப் பிள்ளையிடம் தாய் போகட்டும் என்றுதான். முதல் ஆட்டத்தில் வென்றார்கள். எல்லோரும் துள்ளுகிறார்கள், நான் தடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டாவது ஆட்டம் வெளியூரில். அதில் இருபது புள்ளியால் தோற்றுவிட்டு வந்தார்கள். டொரீனுடைய முழங்கால் வீங்கிப்போயிருந்தது. என்ர வேண்டுதல்தான் பட்டுது என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இவர் சிரிக்கிறார். உன்ர கும்பிடு இவ்வளவு தூரம் வேலை செய்யுமெண்டால் எங்கட நாட்டுக்கு ஒருக்காக் கும்பிடன் என்கிறார்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. தர்மினிக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கினேன். சிவப்பு, பக்கத்தில் கொளுக்கி. நீங்கள் 84 தீபாவளிக்குக் கொப்பித் தாளில் அவளின் காலை வைத்துக் கீறி அனுப்பினீங்களே, இடது என்று எழுதி, அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோய், அதன்மேல் சப்பாத்தை வைத்துப் பார்த்து, ஒரு விரல் கூட வைத்துத்தான் எடுத்தேன். அந்தப் பையோடு வேலைக்குப் போனபோது பயிற்சியாளருடைய மகள் அன்யா, வருகிற மாதம் ஆறு வயது, எடுத்துப் போட்டுப் பார்த்தாள். குதிக்கால் உள்ளே போகவில்லை. தாய்க்காரி சிரித்துக்கொண்டு, இது நாலு வயதுப் பிள்ளையுடையது, உங்கட மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டாள். ஆறு ஆகப்போகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு என்று பொய் சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையின் வயதைப் பொய் சொன்னவள் நானாகத்தான் இருப்பேன்.

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். மூன்றாவது ஆட்டம் எங்கட மண்டபத்தில். எண்ணூறு சனம். முடிய ஒன்பது செக்கன் இருக்கிறபோது நாங்கள் ஒரு புள்ளி குறைவு. டொரீன் பந்தோடு எழும்பினாள், இரண்டு பேர் சேர்ந்து இடித்தார்கள். எனக்கு முன்னால், நாலு முழத்தில், மல்லாக்க விழுந்தாள். அந்தப் பிழைக்கு அவளுக்கு, தடுக்க ஆளில்லாமல் வளையத்துக்குப் போட இரண்டு எறி கொடுத்தார்கள். நடுவர் எனக்குக் கை காட்டினார்.

ஓடிப்போய்க் குந்தினேன். அவள் என் தோளைப் பிடித்து எழும்பிக்கொண்டு, மெல்லத் துடை கலா, எனக்கு மூச்சு வரேல்லை என்று காதுக்குள் சொன்னாள். நான் மெல்லத் துடைத்தேன் அக்கா. ஈரம் இருந்த இடத்தையும் துடைத்தேன், ஈரம் இல்லாத இடத்தையும் துடைத்தேன். பிறகு துவாயை மடித்துத் திருப்பி மறுபடி முதலில் இருந்து துடைத்தேன். மற்ற ரீம்காரிகள் கத்துகிறார்கள். எண்ணூறு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவர் வந்து, அம்மா, இது என்ன உங்கட வீட்டுக் குசினியோ என்று ஏசினார். எழும்பிப் பார்க்கிறேன், டொரீனுக்கு மூச்சு சீராகிவிட்டது. தோற்கவேண்டும் என்று கும்பிட்டவள் செய்த வேலையைப் பாருங்கோ.

முதல் எறி வளையத்தில் இரண்டு தரம் சுற்றி உள்ளே விழுந்தது. இரண்டாவது ஒன்றிலும் முட்டாமல் போனது. அறுபத்தெட்டுக்கு அறுபத்தேழு. மிச்ச ஒன்பது செக்கனில் மற்றவர்களால் ஒன்றும் போட ஏலவில்லை, வென்றுவிட்டோம். நான் ஸ்ரூலில் ஏறி நின்று, அடிச்சிட்டாளடி பெட்டை என்று தமிழில் கத்தினேனாம். பயிற்சியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிறகு, டொரீனுடைய நாட்டு வழக்கமாம், ஏணி வைத்து ஏறி, வளையத்தில் இருந்த வலையைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஆளுக்கொரு நூல் எடுத்தார்கள். கடைசியில் டொரீன் எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தாள். நீயும் விளையாடினனிதானே என்றாள்.

எல்லோரும் போனபிறகு, அவள் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு நடைபாதையில் போட்டிருந்த மர வாங்கில் இருந்தாள். அப்போ இன்னும் ஒரு வருஷம் மகனை விட்டுட்டு இருக்கப் போறாய் என்ன என்று கேட்டேன். இல்லை, வென்றால் மகனை இங்கே எடுக்கிறதெண்டு முந்தியே முடிவு, ஆவணியில் வாறான் என்றாள். பிறகு ஐஸைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னாள், அதைச் சொன்ன நாளில் இருந்து என்ர அக்கா ரெலிபோன் எடுக்கிறா இல்லை, மணி அடிச்சுக்கொண்டே இருக்கு என்று. உனக்குக் கோபம் இல்லையோ என்று கேட்டேன். என்னத்துக்குக் கோபம், காய்ச்சலுக்கு விடிய விடிய முழிச்சது அவ, செருப்புக் கொழுவப் பழக்கினது அவ, அவவின்ர இடத்தில நான் இருந்தாலும் எடுக்கமாட்டன் என்றாள்.

நான் திரும்பி வருகிற ரயில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அக்கா, மார்கழியில் நீங்கள் எழுதினீங்கள், பிள்ளை இப்ப உன்னைக் கேக்கிறதில்லை, ஏன் குழப்பவேணும் என்று. அந்தக் கடிதத்தை நான் இவருக்குக் காட்டவில்லை. அம்மாள் வருத்தம் வந்து கொப்புளம் போட்ட பிள்ளையைப் பிளேனில் ஏத்த ஏலாது என்று ஏஜென்சிக்காரன் சொன்ன அன்றைக்கு, மூன்று மாதம் என்று சொல்லித்தான் உங்கட கையில் கொடுத்தேன். இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. பிழை என்ர பக்கம். அவள் உங்களை அம்மா என்று கூப்பிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அதை மாற்றவேண்டாம். இங்கே வந்தபிறகும் அவள் உங்களை அப்படித்தான் கூப்பிடுவாள், நான் திருத்தமாட்டேன். பத்து வருஷமாக நீங்களும் அத்தானும் போகாத கோயில் இல்லை. அந்த வீட்டில் இருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிறேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

எங்களை அகதிகள் என்று ஏற்று நீலப் பாஸ்போர்ட் தந்தபடியால்தான் பிள்ளையை இங்கே எடுக்க இந்த வழி திறந்திருக்கிறது. அவளின் விசாவுக்குக் கொழும்பில் யேர்மன் தூதரகம் தந்த நாள் மே மாதம் 21ஆம் திகதி, புதன்கிழமை காலை. பிள்ளையும், பிறப்புப் பத்திரமும், வளர்த்தவர் என்று நீங்களும் போகவேண்டும். அன்றைக்குப் போகாவிட்டால் பைலை மூடிவிடுவார்கள், திரும்ப முதலில் இருந்து தொடங்கவேண்டும் என்று இங்கே விசாக் கந்தோரில் சொன்னார்கள். இந்தச் சண்டைக்குள் கொழும்புக்குப் போகிற பாதை நிலைமை எப்படி என்று தெரியாமல் இதை எழுதவும் பயமாகத்தான் இருக்கிறது. பாதை சரியில்லை என்றால் போகவேண்டாம், ஆனால் பாதைதான் காரணம் என்று எழுதுங்கோ.

இந்த உறைக்குள் அந்த வலை நூலை வைத்திருக்கிறேன். அழுக்கு என்று எறிந்துவிடாதேங்கோ. பிள்ளையைத் தரையில் நிற்க வைத்து, குதிக்காலில் இருந்து பெருவிரல் மட்டும் இந்த நூலால் அளந்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புங்கோ. சிவப்புச் சப்பாத்தைக் கடையில் மாற்றலாம், அறுபது நாள் தவணை தந்திருக்கிறார்கள். கடிதம் எழுத மனம் வராவிட்டால் எழுதவேண்டாம். முடிச்சுப் போட்ட நூல் மட்டும் வந்தாலே எனக்கு விளங்கும்.

இது வந்து சேர முதல் வருஷப் பிறப்பு முடிந்துவிடும், பிந்தினாலும் தர்மினிக்குப் புதுச்சட்டை போட்டு, நெற்றியில் ஒரு கொஞ்சல் என்ர பேரில் கொடுங்கோ. உங்களையும் அத்தானையும் அவளையும் அம்மன் காக்கட்டும்.

தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கோ அக்கா.

உங்கள் அன்புத் தங்கை,
கலாதேவி