கணக்கின் உரிமையாளர் பேச வேண்டும்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் எண் 40-7718 இணைப்பு உரிமையாளரின் தாய்,
(ஓய்வுபெற்ற புகார்ப் பதிவு எழுத்தர்),
வீட்டு எண் 307, மூன்றாம் மாடி.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர்,
வீட்டு இணையச் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: பழைய கம்ப்யூட்டரில் வைஃபை சிக்னல் பலவீனம் – மூன்று முறை அளித்த புகார்கள் "வாடிக்கையாளர் திருப்தி" என்று மூடப்பட்டமை – மீண்டும் திறந்து நடவடிக்கை எடுக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: புகார் எண்கள் 2216, 2309, 2475.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட இணைப்பு என் மகளின் பெயரில் உள்ளது. அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. கையால் பேசுவாள். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் போக வேண்டிய ஊரில், பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்கு நானும் என் கணவரும் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீடியோவில் அவளுடன் பேசுவது வழக்கம்.

2. அந்தக் கம்ப்யூட்டர் அவள் படிக்கும்போது வாங்கியது. பதினொரு வருடமாகிறது. பழையதுதான், மறுக்கவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு மாடியில் துணி காயப்போட்டுத் திரும்பினால் சரியாக எழுந்திருக்கும். ஆனாலும் பெரிய திரை. என் கணவருக்குக் கண் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. கைப்பேசியின் சின்னத் திரையில் விரல்கள் எல்லாம் ஒன்றாகத்தான் அவருக்குத் தெரியும். தவிர, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேசுவது, பாதி வாயை மூடிக்கொண்டு பேசுவதற்குச் சமம்.

3. இரண்டு மாதங்களுக்கு முன் தங்கள் ஊழியர்கள் எங்கள் மாடியின் பத்து வீடுகளிலும் பழைய வைஃபை பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். யாரும் கேட்டு வைத்ததல்ல. எங்கள் பெட்டியை வாசலுக்கு வெளியே நடைபாதையில் உள்ள மின்மீட்டர் அலமாரிக்குள் பொருத்தி, தங்கள் நிறுவன முத்திரையும் ஒட்டி, இரும்புக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்துதான் எல்லாம்.

4. என்னால் ஆனதைச் செய்து பார்த்த பிறகே புகார் கொடுத்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வைஃபையைத் துண்டித்து, கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுத்தேன். மேசையை ஆறு இடங்களில் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை கோடு சிக்னல், எத்தனை நிமிடத்தில் படம் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். படுக்கையறையில் ஒரு கோடு, கூடத்தில் இரண்டு. சமையலறை வாசலில் மூன்று கோடு வந்தது. ஆனால் அங்கே மேசை போட்டால் யாரும் உள்ளே போக முடியாது. "மூணு கோடு வருதுன்னா நான் பட்டினி கெடக்கேன், விடு," என்றார் கணவர்.

5. முதல் புகாரின்போது தங்கள் கால் சென்டர் அம்மையார் என்னிடம் மிகவும் மரியாதையாகவே பேசினார். "கணக்கோட உரிமையாளர் பேசணும்மா, அப்பதான் செட்டிங்கை மாத்த முடியும்," என்றார். அவளால் பேச முடியாது, காதும் கேட்காது என்று விளக்கினேன். "பரவால்லம்மா, 'ஆமா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, போதும்," என்றார். போனை வைத்துவிட்டேன். இருந்தும் புகார் எண் வந்தது, அதற்கு நன்றி.

6. நான்காம் நாள் தங்கள் ஊழியர் வந்தார். அலமாரி அருகே நின்று தம் கைப்பேசியைப் பார்த்து, "சிக்னல் ஃபுல்லா இருக்கே," என்றார். உள்ளே அழைத்துவந்து கம்ப்யூட்டரைக் காட்டினேன். "இது ரொம்பப் பழசும்மா. வீடியோவ விட்டுட்டு சும்மா வாய்ஸ்ல பேசுங்க. வாய்ஸுக்கு இதுவே தாராளம்," என்றார். யாருடன் பேச இந்த வீடியோ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டார். அன்று மாலையே, "குரல் அழைப்பு தெளிவாக உள்ளது. கம்ப்யூட்டர் பழையது. வாடிக்கையாளர் திருப்தி," என்ற செய்தியுடன் புகார் மூடப்பட்டது. மற்ற இரண்டு புகார்களும் ஆள் வராமலே அதே வாசகத்துடன் மூடப்பட்டன.

7. அந்த ஊழியர்மேல் எனக்குக் கோபமில்லை. இருபத்தாறு வருடம் ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் புகார்ப் பதிவேடு எழுதியவள் நான். மெக்கானிக் போனில் "முடிஞ்சுதுக்கா" என்று சொன்னதை நம்பி, "சரிசெய்யப்பட்டது" என்று நானும் எத்தனையோ புகார்களை மூடியிருக்கிறேன். அவற்றில் எத்தனை லிஃப்ட் உண்மையிலேயே ஓடியதோ தெரியாது.

8. இனி, இதனால் நேர்ந்ததைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். முதல் புகார் மூடப்பட்ட அடுத்த ஞாயிறு, என் மகள் தான் விரும்பும் ஒருவரை முதன்முறையாகத் திரையில் எங்களுக்குக் காட்டினாள். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர். அவரும் கையால் பேசுபவர்தான். இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்து, எங்களுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிதானமாகக் காட்டினார். மகளைத் தமக்குக் கட்டிக்கொடுப்பீர்களா என்று கேட்டார்.

9. என் கணவர் உள்ளங்கையை உயர்த்தினார். "இருப்பா, கண்ணாடிய எடுத்துட்டு வரேன், இதை நல்லாப் பாக்கணும்," என்பதுதான் அவர் சொல்ல வந்தது. கண்ணாடியுடன் திரும்பியபோது எங்கள் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அதுவும் அறுந்தது. பிறகு எத்தனை முறை முயன்றும் கிடைக்கவில்லை. "லைன் போய்விட்டது, அடுத்த வாரம் பேசலாம்," என்று செய்தி அனுப்பினேன். "சரி" என்று ஒரே சொல் வந்தது.

10. அடுத்த ஞாயிறு வேலை இருப்பதாக எழுதினாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நாங்களும் நம்பினோம். பதினாறாம் நாள் ஒரு புகைப்படம் அனுப்பினாள். அன்று அவர்கள் பக்கம் திரையில் தெரிந்ததை அவள் எடுத்து வைத்திருந்த படம் அது. அதில் என் கணவர், புருவம் சுருங்க, உள்ளங்கையை நேராக நீட்டியபடி உறைந்து நிற்கிறார். எங்கள் வீட்டில் அவள் குழந்தையாக இருந்த நாளிலிருந்து அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான்: வேண்டாம். லைன் அறும்வரை அவர்கள் இருவரும் அந்த "வேண்டாம்" என்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே, "அப்பா ஏன்?" என்று கேட்டிருந்தாள்.

11. கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "இது நானா? பார்த்தா எனக்கே பயமா இருக்கே," என்றார். நடந்ததை எழுதி அனுப்பினேன். அவள் நம்பினாளா, எங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நம்பியதுபோல எழுதினாளா என்பது எழுத்தில் தெரியவில்லை, ஐயா. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

12. மறுநாள் என் கணவர் தனியாகப் பஸ் ஏறினார். அவருடைய கைப்பேச்சு சுமார்தான். பத்துச் சொல்லுக்கு மூன்று தப்பும். வழியெல்லாம் பயிற்சி செய்துகொண்டே போயிருக்கிறார். "சார், யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கண்டக்டர் இரண்டு முறை வந்து கேட்டாராம். அச்சக வாசலில் மகளுடன் நின்ற அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் "மன்னிச்சிடு" என்று காட்ட நினைத்து, "குளிச்சிடு" என்று காட்டியிருக்கிறார். இரண்டுக்கும் நெஞ்சைத்தான் தடவ வேண்டும். அந்தப் பிள்ளை தம் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டாராம். பிறகு விஷயம் புரிந்து, சிரித்து, இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை முழுவதும் அப்பாவின் தோளிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். திருமணம் அடுத்த மாதம் பதிவாகிறது.

13. பழுதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர். தூசி தட்டி, மென்பொருளைப் புதுப்பித்து, "கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கும்மா," என்றார். பிறகு தம் கைப்பேசியில் காட்டினார்: எங்கள் மாடியின் பத்துப் பெட்டிகளும் ஒரே அலைவரிசையில், எண் ஆறில், இயங்குகின்றன. புதிய கருவிகள் வேறு ஒரு புது வரிசைக்கு மாறிக்கொள்ளும். எங்கள் கம்ப்யூட்டருக்கு இந்தப் பழைய வரிசை ஒன்றுதான் தெரியும். "பத்துப் பேரும் ஒண்ணா கத்தினா யாருக்குக் காது கேக்கும்?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எண்ணை மாற்றிப் பெட்டியை இரும்பு அலமாரியைவிட்டு வெளியே வைத்தால் போதும் என்கிறார். ஆனால் எண்ணை மாற்ற நிறுவனத்தின் பூட்டு, பெட்டியை நகர்த்த நிறுவனத்தின் முத்திரை. ஒயரும் இரண்டு மீட்டர் குறைவு.

14. தற்போது ஞாயிறுதோறும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, கம்ப்யூட்டரை நடைபாதைக்குத் தூக்கிவந்து பேசுகிறோம். படம் நிற்பதில்லை. ஆனால் எங்கள் குடும்ப விஷயம் அத்தனையும் போகிறவர் வருகிறவர் பார்வையில் இருக்கிறது. 304-ஆம் எண் வீட்டு அம்மா இப்போது நான்கைந்து சொற்கள் கற்றுக்கொண்டுவிட்டார்.

15. ஆகவே பணிவுடன் வேண்டுவது:
அ) எங்கள் பெட்டியின் அலைவரிசை எண்ணை மாற்றி, பெட்டியை வீட்டின் கூடத்துக்கு நகர்த்தித் தர வேண்டும். மற்ற ஒன்பது வீடுகளையும் ஒரு முறை பார்த்தால் நல்லது.
ஆ) மூன்று புகார்களிலும் உள்ள "வாடிக்கையாளர் திருப்தி" என்ற வாசகத்தை நீக்க வேண்டும். வாடிக்கையாளரை யாரும் கேட்கவில்லை.
இ) பேச இயலாத உரிமையாளர்கள் எழுத்திலோ வீடியோவிலோ ஒப்புதல் தர வழி செய்ய வேண்டும்.

16. நேரில் உறுதிசெய்துகொள்ள விரும்பினால், எந்த ஞாயிறும் பதினொரு மணிக்குத் தங்கள் ஊழியரை அனுப்பலாம். நடைபாதையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். கணக்கின் உரிமையாளர் திரையில் இருப்பாள். "ஆமாம்" என்று அவள் கையால் சொல்வதைத் தங்கள் ஊழியர் தம் கண்ணாலேயே பார்த்து, பதிவு செய்துகொள்ளலாம்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

நாள்: இம்மாதம் 14, திங்கட்கிழமை
இடம்: மேற்படி முகவரி

இணைப்புகள்: சிக்னல் அளவு எழுதிய நோட்டின் நகல் (4 பக்கம்), என் கணவரின் உறைந்த படம் (1), மகள் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் (1).