லாட்ஜ்காரன் கேட்ட தாலி

1998, மாசி. பௌர்ணமிக்கு முதல் நாள். அடி அண்ணாமலை.

நாகப்பட்டினத்திலிருந்து கடலோரமாகவே முதுகில் பையோடு சுற்றிவிட்டு, மலையைப் பார்க்க இங்கே திரும்பினோம். வழியெங்கும் அறை கிடைத்தது. இந்த ஊர் லாட்ஜ்காரன் மட்டும் என் கழுத்தைப் பார்த்தான்.

"தாலி எங்கம்மா?"

"பதிவுத் திருமணங்க. தாலி கட்டிக்கல," என்றான் என் கணவன் செல்வம்.

"அப்போ ரூம் இல்ல."

பின்னால் வந்த வெள்ளைக்கார ஜோடிக்கு உடனே சாவி கொடுத்தான். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

பக்கத்து இட்லிக்கடையில் சாப்பிடும்போது கடைக்கார அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அவன் கெடக்கறான் உடு. எங்க வீட்ல படுங்க."

"நாங்க வேற வேற சாதிக்கா."

"நான் கேட்டனா? இன்னும் ரெண்டு இட்லி வெக்கட்டா?"

வீட்டில் இருப்பதே ஓர் அறை. அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வாசலில் படுத்திருக்கிறார்கள். அவர் குறட்டை விடுகிறார். அக்கா அதட்டுகிறாள்:

"கொறட்டைய கம்மி பண்ணுய்யா. உள்ள புதுசா கல்யாணம் ஆனவங்க தூங்கறாங்க."