தறி நின்றால் வா

நேற்று முன்தினம் என் நெஞ்சில், இதயத் துடிப்பைக் கவனிக்கும் ஒரு வில்லையை ஒட்டினார்கள். காகிதத்தை உரித்ததும் ஒரு பசை நாற்றம் வந்தது பார், கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் அதே நாற்றம். ஐம்பது வருஷமாக நான் திட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேரில் ஒருவன் நீ, இன்னொருவன் நான். இரண்டு பேரும் அந்த நாற்றத்தோடு எழுந்து வந்துவிட்டோம்.

உன் வீட்டுக்கும் என் ரேடியோ கடைக்கும் நடுவே ஒரே சுவர். எழுபதுகளின் தொடக்கம். உனக்கு நெஞ்சு அடைத்தால் நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்க உடனே ஆள் வேண்டும், தாமதித்தால் நீ பிழைக்க மாட்டாய் என்று டாக்டர் உன் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவளோ பகலில் இரண்டு தெரு தள்ளிப் பட்டு நூல் இழைக்கப் போகிறவள். குழித்தறியில் நீ தனி. ஆகவே, சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்குத்தான் செய்தி வர வேண்டும். எப்படி வருவது?

நீ சொன்ன வழிக்குச் செலவே இல்லை. “தறி ஓடிக்கினு இருந்தா நான் கீறேன். நின்னா வந்து பாரு. அவ்ளோதாம்பா.”

கடையில் ஆட்களை வைத்துக்கொண்டே உன்னைக் கேலி செய்தேன். “நூல் அறுந்தா நிக்கும், நீ மூக்கு சிந்துனா நிக்கும். ஒவ்வொரு வாட்டியும் ஓடியாரணுமா? அமாவாசைக்கு நீங்க தறியே ஓட்ட மாட்டீங்க. அன்னிக்கு இன்னா, பாடைக்கு மூங்கில் வெட்டவா?”

“அன்னிக்கு சும்மா வந்து பாருடா” என்றாய், நீயும் சிரித்துக்கொண்டே.

ஒரு மாதம் அப்படித்தான் ஓடினேன். சாலிடரிங் கம்பியைப் போட்டுவிட்டு ஓடி வந்தால், நீ அறுந்த இழையைத் தூக்கிக் காட்டி, “இன்னும் கீறேன்பா” என்று பல்லைக் காட்டுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாகிறவன் ஒழுங்காகச் சாகட்டும், என் வேலையை ஏன் கெடுக்கிறான் என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுதுகிறேன், அழிக்கப்போவதில்லை.

முதலில் கம்பியில்லாத மணி ஒன்று செய்தேன். தெருவில் மோட்டார் சைக்கிள் போனாலே அது கத்தியது. பிறகு கம்பியே போதும் என்று முடிவுகட்டி, உன் தறிக்குப் பக்கத்துச் சுவரில் சுவிட்சு, என் மேசை மேல் மணி, நடுவே ஒயர், மூட்டுகளில் கறுப்பு டேப். கரண்டு போனாலும் அடிக்க வேண்டும் என்று பேட்டரி. மின்சாரம் படித்தவன் அல்லவா, எல்லாம் யோசித்துவிட்டேன்.

நீ சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாய். “மயக்கம் வந்துட்சின்னா யாருடா அமுக்குவாங்க?”

“வர்றதுக்கு முன்னாடி அமுக்கு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை நீ சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் தறியைக் கேட்பதை விட்டேன். அமாவாசைக்கு எட்டிப் பார்ப்பதையும் விட்டேன். அதுதான் மணி இருக்கிறதே.

அன்று பதினோரு மணி இருக்கும், தறி நின்றது. ரேடியோ சத்தத்தில் காதில் விழவில்லை என்று ஊரிடம் சொன்னேன். உன்னிடம் எதற்குப் பொய்? விழுந்தது. மணி அடிக்கவில்லை, ஆகவே நீ நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு, ஒரு வால்வை மாற்றி முடித்தேன். டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தேன்.

சாப்பாட்டுக்கு வந்த உன் மனைவி அலறினாள். ஓடி வந்தேன். நெய்த பட்டின் மேல் முகம் கவிழ்ந்து கிடந்தாய். சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே உன் கை. உன்னைத் தூக்குவதற்கு முன் நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவிட்சை அமுக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி கணீரென்று அடித்தது. “நல்லா அடிக்குதே” என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.

உன் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “உன் மணிக்கு ஒண்ணும் ஆவலண்ணே. கயட்டி எட்த்துக்கினு போ.”

காரியம் முடிந்ததும் கழற்றிக்கொண்டேன். ஒரு லாட்ஜில் மாட்டினேன். வருஷக்கணக்கில் உழைத்தது.

இப்போது வில்லை ஒட்ட வந்த இளைஞர், வீட்டு வைஃபை வழியாகவா, சிம் போட்ட பெட்டி வழியாகவா, துடிப்பை எதில் அனுப்பலாம் என்று கேட்டார். “எதுல வேணா அனுப்புப்பா. அனுப்பறது நின்னுபோச்சுன்னா அது இன்னா பண்ணும்?” என்றேன்.

“தொந்தரவு இருந்தா மட்டும் வீட்டுக்காரங்க போன் அடிக்கிற மாதிரி வைப்போம் சார். சிக்னல் நின்னாலே அடிக்கிற மாதிரியும் வைக்கலாம். ஆனா சும்மா சும்மா அடிக்கும், வீட்ல இருக்கறவங்க திட்டுவாங்க.”

அதையே வைக்கச் சொன்னேன். நேற்று மூன்று முறை சிக்னல் போய் மருமகளின் போன் கத்தியது. மூன்று முறையும் கரண்டிக் கையோடு ஓடி வந்தாள். மூன்றாம் முறை வாசற்படியில் நின்று மூச்சு வாங்க, “இன்னும் உயிரோடதான் கீறீங்களா மாமா?” என்று கடுப்பாகக் கேட்டாள்.

அதைக் கேட்க அன்று உன் வாசலுக்குப் பத்தடி நடந்திருக்கலாம். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.