பதினோரு கூடுகள்

அன்பு மகள் உமாமகேஸ்வரிக்கு,

உன் அய்யா போன பிறகு உன்னை வளர்த்து ஆளாக்கிய சித்தப்பா நம்ம சிக்கல் ஊரிலிருந்து எழுதுவது. துபாயில் உனக்கு உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் பக்கத்தில் சித்தி இருப்பாள், அதனால்தான் கடிதம்.

நம் கண்மாய்ப் பறவைச் சரணாலயத்தில் ஆராய்ச்சிக்காரர்களுக்கு நான்தான் எல்லாம் என்பது உனக்குத் தெரியும், எட்டாவது படித்தவன் சொல்வதைப் பெரிய படிப்பு படித்தவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். வாராவாரம் தண்ணீருக்குள் இறங்கி எந்தக் கருவேல மரத்தில் எத்தனை கூடு என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இந்தத் தை மாதம் முழங்கால் வலி, கரையில் நின்றே எழுதினேன். வெறுமனே எழுதினால் நன்றாயிராதே என்று, மூன்று வருடமாக இங்கே கூடு கட்டாத கூழைக்கடா நடுத்திட்டில் பதினோரு கூடு கட்டியிருக்கிறது, இரண்டில் குஞ்சும் இருக்கிறது என்று ஜோராக எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற சஃபா, கீழக்கரைப் பெண், உன் வயதுதான், மதுரையிலிருந்து ஓடி வந்தாள். உள்ளே தரை கெட்டி, தைரியமாகப் போ தாயி என்று கரையில் நின்றே சொன்னேன். பாதி வழியில் கால் உளைச்சேற்றில் இறங்க இறங்க, இடுப்பளவு இருந்த தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்துவிட்டது. நான்தான் பாய்ந்து தூக்கினேன் என்று ஊரில் பேசுகிறார்கள், பேச வைத்ததும் நான்தான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குக் கால் நகரவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த இருளாண்டிதான் கயிற்றை வீசி இழுத்தான். சத்தமாச்சும் போடுங்க என்று கத்தினான், ஊரெல்லாம் பேசுகிற இந்த வாய் திறக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் தேவலை. இன்று முள் கிழித்த காலில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு அவள் சொல்கிறாள், “அந்தப் பதினோரு கூட்டையும் பாக்காம ஊருக்குப் போக மாட்டேன் மாமா. நாளைக்கு வெள்ளன டயர் டியூபக் கட்டிக்கிட்டு இறங்குறேன். நீங்க எழுதுனத நம்பித்தான் வந்தேன்.” திட்டுக்குப் பக்கத்தில் சேறு இன்னும் ஆழம், டியூப் கருவேல முள்ளுக்குத் தாங்காது. சொன்னால் வேலை போகும், ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. நோட்டில் அந்தப் பதினோரு கூடு எழுதிய பக்கத்தில் ‘நான் போய்ப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டிவிட்டு நோட்டோடு அவளிடம்தான் போகிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு நல்ல பேர் எடுத்து இரு. யார் வழி சொன்னாலும், நானே சொன்னாலும், தரையைத் தட்டிப் பார்த்துக் கால் வை. சித்தியிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. இது உன் கைக்கு வரும்போது எனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, அந்தப் பிள்ளை இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
மூக்கையா